செவ்வந்திக்கல்லும் கடைசி இரண்டு வரிகளும்

சனிக்கிழமை காலை பத்து ஐந்து. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, என் மேசைமேல் கிடந்த ஒரு வெள்ளி மோதிரம். ஊதா நிறக் கல் வைத்தது. ஆண்கள் போடும் அளவு. எதிர் நாற்காலியில் கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், பக்கங்களை வடிவமைக்கும் எங்கள் பேஜ் மேக்கர், மோதிரத்தைப் பார்க்காதவர் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது உங்க பேப்பரால வந்தது மேடம்," என்றார் அந்தப் பெண். "நீங்களே வச்சிக்கிங்க."

நாளிதழ் அலுவலகத்துக்கு என்னென்னவோ தேடி வரும். காலமானவர் படம் இருக்கவேண்டிய இடத்தில் தன் படம் வந்துவிட்டதாக உயிரோடு இருக்கும் மைத்துனர் வருவார். திருமண விளம்பரத்தில் மாப்பிள்ளையின் படிப்பைக் குறைத்துவிட்டோம் என்று ஒரு குடும்பமே வரும். மோதிரம் வந்தது அதுதான் முதல் முறை.

செய்தி திருத்தும் டெஸ்குக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குத் தவறில்லாமல் செய்தி போடுவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். பயிற்சி வகுப்பு வைக்கிறார்கள், சான்றிதழ்கூடத் தருகிறார்கள். ஒரு தவறும் இல்லாத மேட்டர் ஊருக்குள் போய் என்ன செய்யும் என்பதை அந்த வகுப்பில் சொல்ல மாட்டார்கள். நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது ஞாயிறு இணைப்பு என் பொறுப்பில் இருந்தது. அதில் 'சொல்லின் வேர்' என்று ஒரு பத்தி. ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன, முதலில் என்ன பொருள் என்று எழுதுவார் கருவடிக்குப்பத்தில் இருந்த ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர். அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'முசியே', அதாவது பிரெஞ்சில் ஐயா, என்போம். அவர் என்னை 'மதாம்' என்பார். வேதியியல்காரர் என்பதால் கனிமம், உலோகம், வாயு இவற்றின் பெயர்கள்மேல் அவருக்குத் தனிப் பிரியம். கோபால்ட் என்பது ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகள் வைத்த பெயர். செம்பும் வெள்ளியும் தேடித் தோண்டும்போது இந்தத் தாது கிடைத்து, உருக்கினால் விஷப்புகை மட்டும் வந்ததால், சுரங்கத்துக் குட்டிப்பிசாசின் பெயரையே அதற்கு வைத்தார்கள் என்று எழுதினார். கோபால்ட் என்பது கோபாலன்தான், ஜெர்மன்காரன் திருடிவிட்டான் என்று மூலக்குளத்து வாசகர் ஒருவர் பதில் எழுதினார். ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிற கடினமான கல்லின் பெயர் நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது என்று முசியே எழுதியபோது பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. அது உண்மை என்பதற்காக அல்ல, நம்முடையது என்பதற்காக.

முசியேயின் எழுத்தில் ஒரு பழக்கம் உண்டு. வாழ்நாளெல்லாம் வகுப்பெடுத்தவர், மணி அடிக்கிற நேரத்தில்தான் விஷயத்தைச் சொல்வார். நம் தொழிலின் பழக்கம் அதற்கு நேர் எதிர். முக்கியமானதை முதல் வரியில் வைப்போம், உதவாததைக் கடைசியில் தள்ளுவோம். இடம் போதாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கீழேயிருந்து வெட்டுவோம். இந்த இரண்டு பழக்கங்களும் ஒரே பக்கத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததில்லை.

மோதிரத்தோடு வந்தவர் பெயர் அஞ்சலை. முதலியார்பேட்டை. ஓட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. கணவர் ஏழுமலை பள்ளி வேன் ஓட்டுகிறவர். மில் தொழிலாளி மகன். மில் மூடியபிறகு ஓட்டுநரானவர். குடிப்பவர். இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊருக்கு வார இறுதியில் வந்து போகிறவர்கள் இங்கே எல்லோரும் குடிக்கிறோம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள்தான் குடிக்கிறார்கள். நாங்கள் விற்கிறோம். ஏழுமலை மாதிரி சிலர் இரண்டு பக்கமும் இல்லாமல் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள்.

"கோயில்ல கயிறு கட்டிப் பாத்தேன் மேடம்," என்றார் அஞ்சலை. "குடிக்க மாட்டேன்னு சாமி முன்னால சத்தியம் பண்ணி கட்டிக்குவாரு. நாலு நாள் இருப்பாரு. அப்புறம் கயித்த கழட்டி சட்டப் பையில வச்சிட்டுப் போவாரு. கேட்டா, கயிறு கையில இருந்தாத்தான சத்தியம்பாரு."

"மோதிரம்?"

"நகைக்கடையில உங்க பேப்பர லேமினேஷன் போட்டு தொங்க விட்டுருக்காங்க. இந்தக் கல்லு பேருக்கே 'போதை ஏறாது'ன்னு அர்த்தமாம். நானும் படிச்சேன். வாங்கிப் போட்டேன். ஒரு வாரம் நல்லாத்தான் இருந்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தப் பேப்பர அவரே படிச்சிட்டாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. அஞ்சலை மேலும் சொன்னார். "குடிக்கக் கூடாதுன்னு எங்கடி போட்டிருக்கு, குடிச்சாலும் ஏறாதுன்னுதான போட்டிருக்குன்றாரு. இப்ப மோதிரத்த மாட்டிக்கிட்டு தைரியமா குடிக்கிறாரு மேடம். முன்னெல்லாம் குடிச்சா வண்டிய தொடமாட்டாரு, அந்த பயமாவது இருந்துச்சு. இப்ப ஓட்டறாரு. எனக்குத்தான் ஏறலியேன்றாரு. திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குறாங்க. வேன் நெறைய புள்ளைங்க."

கணவர் தூங்கும்போது அஞ்சலை மோதிரத்தைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறார். அந்தப் பெயர் பிறந்த கிரேக்க நாட்டில் இந்தக் கல்லில் கோப்பை செய்து குடித்தவர்கள் என்ன தர்க்கம் பேசினார்களோ, அதே தர்க்கத்துக்கு ஏழுமலை முதலியார்பேட்டையில் தானாகவே வந்து சேர்ந்திருந்தார். படிக்கிறவன் தன் தேவைக்குப் படிப்பான். மனைவி தன் தேவைக்குப் படித்தார், கணவர் தன் தேவைக்குப் படித்தார், கடைக்காரர் இருவருக்கும் விற்றார்.

"வேன் முதலாளிகிட்ட சொல்லுங்க," என்றேன். "இல்லன்னா நான் சொல்றேன்."

"வேலை போயிடும். வேலை போச்சுன்னா பகல்லயும் குடிப்பாரு. என் தம்பி டெம்போ ஓட்டறான், அவன ஓட்டச் சொல்லலாம். ஆனா இவரு அவன்கூடப் பேசியே மூணு வருசம் ஆச்சு. குடிகாரன்னு ஒரு வார்த்த சொல்லிட்டான்." கைப்பையைத் திறந்து முதலாளியின் எண் எழுதிய துண்டை மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லிடுங்க, நான் தடுக்கல. ஆனா மொதல்ல பேப்பர்ல போடுங்க. டிவியில சொல்றது பொய்ம்பாரு, செல்லுல வர்றது பொய்ம்பாரு. உங்க பேப்பர மட்டும் கண்ணாடி மாட்டிக்கிட்டு படிப்பாரு. அச்சுல வந்துட்டா அப்பீல் இல்லம்பாரு."

நம்மை இவ்வளவு நம்புகிற ஒரு வாசகர் இருக்கிறார் என்று தெரிந்தால் விநியோகப் பிரிவு மகிழ்ந்திருக்கும்.

பழைய இணைப்பை எடுத்துப் பார்த்தேன். 'அமெதிஸ்ட்: போதை ஏறாத கல்!' என்று தலைப்பு. ஆச்சரியக்குறி முசியேயுடையது அல்ல. தமிழில் செவ்வந்திக்கல், கிரேக்கத்தில் அந்தப் பெயருக்குப் 'போதை ஏறாதது' என்று பொருள், அணிந்தவனுக்குப் போதை ஏறாது என்று கிரேக்கர்கள் நம்பினார்கள் என்பதோடு பத்தி முடிந்திருந்தது. அதற்கு நேர் கீழே, கட்டம் கட்டி, அந்த நகைக்கடையின் விளம்பரம். ஊதாக் கல் மோதிரம் பளபளவென்று.

முசியேக்குப் போன் செய்தேன்.

"தப்பா? எங்கே தப்பு? காட்டுங்க மதாம்."

"தப்பு இல்ல முசியே. படிச்சிட்டு மோதிரம் வாங்குறாங்க."

"ஆக்சிஜன்னா 'அமிலத்தைப் பிறப்பிக்கிறது'ன்னு அர்த்தம். பேர் வச்ச பிரெஞ்சுக்காரர் எல்லா அமிலத்திலயும் அது இருக்கும்னு நினைச்சார். அது தப்புன்னு பின்னாடி தெரிஞ்சுது. பேர் மாறல. அதுக்காக மூச்சு விட்டா நெஞ்சு அமிலம் ஆயிடுமா? பிரெஞ்சில நைட்ரஜனை அசோத்ம்பாங்க, 'உயிரில்லாதது'. அது இல்லாம ஒரு புல் முளைக்குமா? பேர்ங்கிறது வச்சவன் என்ன நம்பினான்ங்கிறதுக்குத்தான் சாட்சி. இதைத்தான கடைசி ரெண்டு வரியில எழுதினேன்?"

"எந்தக் கடைசி ரெண்டு வரி?"

மறுமுனையிலிருந்து பிரெஞ்சில் ஒரு சொல் வந்தது. அதன் வேர் என்ன என்று நான் கேட்கவில்லை.

அவர் அனுப்பிய மூலப்படியைத் தேடி எடுத்தேன். இரண்டு வரிகளும் இருந்தன. 'அந்த நம்பிக்கையோடு குடித்த கிரேக்கர்கள் அத்தனை பேரும் போதையில்தான் விழுந்தார்கள். பெயர் என்பது அதை வைத்தவனின் நம்பிக்கைக்குச் சாட்சியே தவிர, பொருளின் குணத்துக்கு அல்ல.'

பேஜ் மேக்கரைக் கேட்டேன்.

"கடைசி நேரத்துல விளம்பரம் வந்துச்சு மேடம். கீழ ரெண்டு வரி வெட்டுனேன். எப்பவும் கீழேருந்துதான வெட்டுவோம்?"

"விளம்பரம் எப்படி வந்துச்சு?"

"கல்லைப் பத்தி மேட்டர் வருதுன்னு நம்ம விளம்பரப் பிரிவுதான் கடைக்குப் போன் போட்டுச் சொல்லிச்சு."

ஆக, கல்லுக்குச் சக்தி இல்லை என்று சொன்ன வரிகளை, கல்லை விற்கும் விளம்பரம் வந்து தள்ளிவிட்டது. யாரும் சதி செய்யவில்லை. அவரவர் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தார்கள். ஒரு நாளிதழில் இதைவிட ஆபத்தான நிலைமை கிடையாது.

நாளிதழ் ஆசிரியரின் அறைக்குப் போனேன். விவரம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கஷ்டமான முடிவெடுப்பதற்கு முன்னால் துடைப்பார். முடிவெடுக்காமல் இருப்பதற்கு முன்னாலும் துடைப்பார்.

"திருத்தம் போடணும்னா தப்பு இருக்கணும். தப்பு எங்கம்மா?"

"வெட்டுன ரெண்டு வரிய திருப்பிப் போடலாம் சார்."

"நாளைக்கு மொதப் பக்கத்துல அந்தக் கடை விளம்பரம். அதே நாள் உள்ள அவங்க கல்லு வேலை செய்யாதுன்னு நாம எழுதறதா?" மறுபடி துடைத்தார். "வேணும்னா ஒண்ணு பண்ணு. கடைக்காரர்கிட்ட பேசு. அவரா எதாவது சொன்னாருன்னா போடு. விளம்பரதாரர் பேட்டின்னா யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

அவர் மனதில் இருந்தது கடைக்கு ஒரு புகழுரை. நான் அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உங்களுக்குச் சொல்கிறேன், மேலதிகாரி 'வேணும்னா' என்று ஆரம்பித்தால் வாக்கியம் முடிந்ததும் அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நின்றால் 'ஆனா' வரும்.

நேரு வீதிக் கடையில் கூட்டம். கல்லாவுக்கு மேலே நம் பத்தி, லேமினேஷன் போட்டு, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில். சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் மாட்டியிருந்தார்கள். கீழே ஒரே மோதிரத் தட்டை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நடுத்தர வயது அம்மா, "எங்க வீட்டுக்காரருக்குங்க. நிறுத்தணும்," என்றார். பக்கத்தில் ஒரு இளைஞர், "பிரெண்ட்ஸ் பார்ட்டி இருக்குண்ணே. ஏறக் கூடாது," என்றார். விற்பனையாளர் இருவருக்கும் ஒரே முகத்தோடு, "இதுதாங்க கரெக்ட்டு," என்றார்.

உரிமையாளர் என்னைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார், குளிர்பானம் வரவழைத்தார்.

"உங்க பேப்பருக்குத்தான் மேடம் நன்றி சொல்லணும். நீலக்கல்லுக்குப் பதிலா போடுற கல்லு. சனீஸ்வரனுக்கு உகந்தது. அதோட இந்த விஷயமும் சேந்துக்கிச்சு."

குறிப்பேட்டைத் திறந்தேன். "நாளைக்கு உங்க பேட்டி போடலாம்னு இருக்கோம். உங்க பேர், கடை பேர் எல்லாம் போட்டு."

"தாராளமா! போட்டோ?"

"போடலாம். ஒரே கேள்விதான். இந்த மோதிரம் போட்டவங்களுக்குக் குடிச்சாலும் போதை ஏறாதுன்னு நீங்க உத்தரவாதம் தர்றீங்களா?"

சிரித்தார். "அது வந்து... கல்லோட பவர் மேடம். அவங்கவங்க நம்பிக்கை."

"நம்பிக்கைய போட முடியாது. தர்றேன், இல்ல தரமாட்டேன். ஏன்னா மோதிரத்த போட்டுட்டு ஒருத்தர் ஸ்கூல் வேன் ஓட்டறாரு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, பேட்டி குடுத்தவர் யாருன்னுதான் போலீஸ் மொதல்ல கேப்பாங்க."

குளிர்பானத்தை என் பக்கத்திலிருந்து சற்று நகர்த்தி வைத்தார். ஏன் என்று தெரியவில்லை.

"நாங்க எங்க மேடம் அப்பிடி சொன்னோம்? உங்க பேப்பர்தான சொல்லுது?"

"எங்க பேப்பர் கிரேக்கர்கள் நம்பினாங்கன்னு சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?"

"நாங்க அழகுக்கு விக்கிறோம். கல்லுக்கும் குடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எழுதிக்கிங்க. சம்பந்தமே இல்ல."

எழுதிக்கொண்டேன், அவருக்கு வாசித்துக் காட்டினேன், தலையாட்டினார். தட்டின் முன்னால் நின்ற அம்மா இதைக் கேட்டுவிட்டு மோதிரத்தைத் திருப்பி வைத்தார். இளைஞர் கேட்கவில்லை, காதில் பாட்டு மாட்டியிருந்தார்.

மாலையில் மூன்றாம் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். 'செவ்வந்திக்கல் போதையைத் தடுக்காது: நகைக்கடை உரிமையாளர்.' அவர் சொன்னது முதலில். கடைசியில் முசியேயின் இரண்டு வரிகள், ஒரு எழுத்து மாறாமல். பேஜ் மேக்கர் பக்கத்தில் ஏற்றிவிட்டு, "ரெண்டு வரி நீளுது மேடம்," என்றார். அவர் கை தன்னியல்பாகக் கீழே போனது.

"மேலேருந்து வெட்டுங்க."

"மேலேருந்தா?" கோபுரத்தை அஸ்திவாரத்திலிருந்து இடிக்கச் சொன்னதுபோல் பார்த்தார்.

"அவர் கடை எந்த வீதி, எத்தனை மாடின்னு எழுதியிருக்கேன் பாருங்க. அதை எடுங்க."

எடுத்தார். பக்கம் அச்சுக்குப் போனது. அதற்குப் பிறகு என் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"அந்த மோதிரம் மேடம்... சும்மாதான கெடக்குது? எனக்கு அளவு சரியா இருக்குது. போட்டுப் பாத்தேன்."

"இப்பதான அது தடுக்காதுன்னு உங்க கையாலயே போட்டீங்க?"

"போட்டேன்," என்றார். "இருந்தாலும்."

முசியேயின் பத்தியை விட்டுவிட்டு அந்த ஒரு சொல்லுக்கு யாராவது வேர் தேடியிருக்கலாம்.

ஞாயிறு காலை ஆசிரியர் போன் செய்தார். கடைக்காரர் நன்றி சொன்னாராம், புகைப்படம் தெளிவாக வந்திருக்கிறதாம். அந்தப் பேட்டியையும் லேமினேஷன் செய்து பழைய பத்திக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. வாடிக்கையாளர் தனக்குப் பிடித்ததைப் படித்துக்கொள்ளலாம்.

மாலை ஆறு மணிக்கு அஞ்சலையை அழைத்தேன்.

"படிச்சாரா?"

"படிச்சாரு மேடம். கண்ணாடி மாட்டிக்கிட்டு. ரெண்டு தரம். மோதிரத்த எங்கன்னு கேக்கவே இல்ல." குரல் தாழ்ந்தது. "அப்புறம் என்னைப் பாத்து, 'அப்ப இத்தினி நாளா எனக்கு ஏறித்தான் இருந்துச்சா?'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். வேற என்ன சொல்ல? பேப்பர மடிச்சு வச்சிட்டு எழுந்து வெளிய போயிட்டாரு. வேன் சாவியையும் எடுத்துட்டுப் போயிட்டாரு மேடம்."

வேன் முதலாளிக்குப் போன் செய்தேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன். "நல்ல டிரைவர் மேடம் அவரு. குடிக்கறவங்கதான் ஓட்டறாங்க, குடிக்காதவங்க யாரு இந்த வேலைக்கு வர்றா? பாத்துக்கலாம்," என்றார். பார்த்துக்கலாம் என்று சொன்னவர் எதையும் பார்த்ததாக என் அனுபவத்தில் இல்லை.

இந்த இடத்தில் உங்கள் வயதில் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியும். செய்தி போட்டாயிற்று, கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். அச்சில் வந்ததும் விஷயம் முடிந்துவிடுகிறது என்பது நம் தொழிலின் செவ்வந்திக்கல். நாம் எல்லோரும் ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

அஞ்சலையை மறுபடி அழைத்தேன். காலையில் வேன் முதலில் பிள்ளைகளை ஏற்றும் இடத்தில் இருவரும் நிற்பது, ஏழுமலை ஓட்டிவந்தால் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு பிள்ளையையும் ஏறவிடாமல் போலீசைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தோம்.

"வேலை போயிடும்," என்றேன்.

"போவட்டும் மேடம்," என்றார். "ராத்திரி பூரா அவரு வூட்டுக்கு வரலன்னாலும் நான் வந்து நிப்பேன்."

அவர் பயந்ததுபோலவே ஏழுமலை இரவு வீட்டுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை காலை முதலியார்பேட்டை பெரிய தெருமுனையில் நின்றோம். புதுச் சீருடை, புதுப் பை, தண்ணீர் பாட்டிலோடு பிள்ளைகள். தாய்மார்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை என் முழங்கையைப் பிடித்திருந்தார். நான் போனில் காவல் நிலைய எண்ணைத் திறந்து வைத்திருந்தேன்.

மஞ்சள் வேன் திருப்பத்தில் தெரிந்தது. மெதுவாக வந்து நின்றது. ஏழுமலை இடதுபக்கக் கதவைத் திறந்து இறங்கி, முதல் பிள்ளையின் பையைக் கையில் வாங்கினார். ஓட்டிவந்தது அஞ்சலையின் தம்பி.